கடற்கரையிலிருந்து கரிசல் வரை

வீடு கட்ட எண்ணுகிறவர்கள் முதலில் மனையின் விலையை விசாரிக்கிறார்கள். அடுத்துச் சாலை வசதியை. அதன் பிறகு, வாசல் எத்திசை நோக்கும் என்பதை. குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளிப் பார்ப்பவரை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். நானும் அவ்வாறு பாராமல் வீடு கட்டி, அதன் விளைவை அயலாருக்கும் பங்கிட்டுக் கொடுத்தவன். ஆகையால், சென்ற சித்திரையில் என் மருமகன், எட்டயபுரத்துக்கு அருகிலுள்ள தம் பூர்வீக மனையில் வீடு கட்டப்போவதாகக் கூறி, வரைபடத்தை எங்கள் திண்ணையில் விரித்தபோது, எனக்கு மகிழ்ச்சியோடு ஒரு கலக்கமும் உண்டாயிற்று.

வரைபடத்தில் குறை சொல்வதற்கில்லை. தூத்துக்குடியில் கடலை ஒட்டிய பகுதியில் அவருடைய நண்பர் கட்டிய வீட்டின் நகல் அது. நான்கடி அஸ்திவாரம், கொல்லையில் செப்டிக் டாங்க், அதையடுத்து ஓர் உறிஞ்சுகுழி, சுவரோரமாக ஐந்து தென்னங்கன்றுகள். "நண்பர் வீடு கட்டி எட்டு வருடமாகிறது, மாமா. ஒரு கீறல் இல்லை. அங்கே ஒத்துவந்தது நமக்கும் ஒத்துவரும்" என்றார் மருமகன். நான் விடை கூறாமல் எங்கள் ஊர்க் கொத்தனாரை அழைத்துவர ஆள் அனுப்பினேன். அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. இப்போது கரண்டி பிடிப்பதில்லை. வந்தவர் வரைபடத்தைச் சிறிது நேரம் பார்த்திருந்துவிட்டு, "படம் நன்றாயிருக்கிறது, வாத்தியாரையா. இதை எந்த மண்ணில் போடப்போகிறோம்?" என்று கேட்டார்.

அந்த ஒரு கேள்வியை முன்னிட்டுத்தான் மறுநாள் காலையில் நாங்கள் நால்வரும், நானும் மகளும் மருமகனும் கொத்தனாரும், காரில் புறப்பட்டோம். எங்கள் ஊரிலிருந்து எட்டயபுரத்துக்கு நூறு கிலோமீட்டருக்குச் சிறிது அதிகமாக இருக்கலாம். அதற்குள் நான்கு வகை மண்ணை மிதிக்கவேண்டும். மகள், கொத்தனார் சொன்னபடி, வாயகன்ற கண்ணாடிப் புட்டிகள் நான்கைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டாள்.

புறப்படுவதற்கு முன் எங்கள் கிணற்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் மணப்பாட்டுக்கு அருகிலுள்ள கடலோரச் சிற்றூர். மேலே மணல், அதற்கடியில், சிப்பித் துகளும் மணலும் சுண்ணாம்பினால் ஒட்டிக் கல்லாகிப்போன பாறை. மணப்பாட்டில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் குன்றைப் பார்த்தவர்களுக்கு இந்த மண்ணின் இயல்பு விளங்கும். புனித சவேரியார் தங்கியிருந்ததாகக் கூறப்படும் குகை அக்குன்றில்தான் இருக்கிறது. அலை வந்து மோதும் இடத்துக்கு அணித்தேயுள்ள அக்குகையின் கிணற்றில் குடிக்கத்தக்க நீர் ஊறுவதை யாத்திரிகர் வியந்து பேசுவர். திருச்செந்தூரின் நாழிக் கிணறும் அத்தகையதே. இதன் காரணம் எளிது. மழைநீர் உப்புநீரை விட இலேசானது. ஆகவே மணலுக்குள் இறங்கும் மழைநீர், கீழே புகுந்திருக்கும் கடல்நீரின்மேல், பாலின்மேல் ஆடை போல மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. எதிர்க் கணக்கும் உண்டு. மேலே ஓரடி நீரை நாம் இறைத்துக் குறைத்துவிட்டால், அடியிலிருந்து நாற்பதடி உப்புநீர் ஏறி வரும். மின்மோட்டார் வந்தபின் கடலோரக் கிணறுகள் பல கரித்துப்போனது இவ்வாறுதான்.

1986-ஆம் ஆண்டில் நான் வீடு கட்டியபோது இவையெல்லாம் எனக்குத் தெரியாது. மனை குறுகலானது. உறிஞ்சுகுழியைக் கிணற்றிலிருந்து இருபதடியில் வைத்தால்தான் முற்றத்தில் மல்லிகைப் பந்தலுக்கு இடமிருக்கும். அப்போது கட்டியவரும் இதே கொத்தனார்தான். "கொஞ்சம் தள்ளிப் போடுவோம், ஐயா, மணல் ஒன்றையும் பிடித்து வைக்காது" என்று இரண்டு முறை சொன்னார். நான் கேட்கவில்லை. குழிக்குள் விட்ட நீர் கண் மூடித் திறப்பதற்குள் மணலில் இறங்கியதைப் பார்த்து, இதைவிட நல்ல மண் உண்டோ என்று பெருமை கூடக் கொண்டேன்.

கழிவுநீர் விரைந்து வடிவது நல்லதென்றே நாம் எல்லோரும் நினைக்கிறோம். செப்டிக் டாங்க் என்பது பாதி வேலையைத்தான் செய்கிறது. திடப்பொருள் அடியில் தங்குகிறது, காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் அதை மக்கச் செய்கின்றன, தெளிந்தாற்போன்ற நீர் மேலே வழிந்து வெளியேறுகிறது. கண்ணுக்குத் தெளிவாக இருக்கும் அந்நீரில் நோய்க்கிருமிகள் குறைந்தபாடில்லை. அவற்றை வடிகட்டி அழிக்கும் மீதி வேலை மண்ணுடையது. அதற்கு மண்ணுக்கு நேரம் வேண்டும். கடற்கரை மணலில் ஓரங்குல நீர் இறங்க ஒரு நிமிடங்கூட ஆவதில்லை. கிணற்று நீர்மட்டமோ பத்தடிக்குள். ஆகவே கிருமிகள் சாவதற்கு முன்பே வாளிக்கு வந்துவிடுகின்றன. குடிநீர்க் கிணற்றுக்கும் உறிஞ்சு அமைப்புக்கும் இடையே குறைந்தது 18 மீட்டர், அதாவது ஏறத்தாழ 60 அடி இருக்கவேண்டும் என்று இந்தியத் தர விதிகள் கூறுவது இதனால்தான். நான் விட்டிருந்தது அதில் மூன்றில் ஒரு பங்கு.

1989-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் அடுத்த வீட்டுச் சிறுமிக்கு மஞ்சள் காமாலை கண்டது. அவர்களுக்குத் தனிக்கிணறு இல்லை. எங்கள் கிணற்றிலேயே நீர் எடுத்தார்கள். அவள் தாய் ஒவ்வொரு நாளும் மாலையில் குடத்தோடு வந்து, "நல்ல தண்ணீர் தருகிறீர்களே, அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போவார். நீரைச் சோதனைக்கு அனுப்பியபோது அதில் குடல்வாழ் கிருமிகள் இருப்பதாக விடை வந்தது. சிறுமி பல வாரங்கள் படுத்திருந்து எழுந்தாள். நான் குழியை மூடினேன், பந்தலைப் பிரித்தேன். அந்தத் தாயிடம் காரணத்தைச் சொல்வதற்கு எனக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன. கிணறு இன்றும் இருக்கிறது. செடிகளுக்கு மட்டும் நீர் எடுக்கிறோம்.

முதற்புட்டியில் கிணற்றோரத்து மணலை மகள் அள்ளிக்கொண்டாள். மூன்றில் ஒரு பங்கு மண், மீதி நீர், துணிக்குப் போடும் சோப்புத் தூள் ஒரு சிட்டிகை. நன்றாகக் குலுக்கி அசையாமல் வைத்தால், மணல் ஒரு நிமிடத்தில் அடியில் தங்கும். வண்டல் ஓரிரு மணி நேரத்தில் அதன்மேல் படியும். களி தங்க ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். மூன்று அடுக்குகளையும் அளந்து பார்த்தால் மண்ணின் சாதகம் தெரிந்துவிடும். எங்கள் ஊர்ப் புட்டி, கார் குலசேகரன்பட்டினத்தைத் தாண்டுவதற்குள் தெளிந்துவிட்டது.

திருச்செந்தூருக்கு மேற்கே காயாமொழி அருகில் தேரி தொடங்குகிறது. வெளியூர் அன்பர்கள் இதைக் காணாமல் போகக்கூடாது. குங்குமத்தைக் கொட்டிக் குவித்தாற்போன்ற செம்மணல் மேடுகள். இடையிடையே பனையும், குடைபோல் விரிந்த உடை மரங்களும், முந்திரித் தோப்புகளும். பண்டைக் காலத்தில் காற்று குவித்த மணல்மேடுகள் இவை. மணற்பரல் ஒவ்வொன்றின்மேலும் இரும்பின் துரு மெல்லிய பூச்சாகப் படிந்திருப்பதே செந்நிறத்துக்குக் காரணம். மிகப் பழங்கால மனிதர் விட்டுச்சென்ற நுண்கற்கருவிகள் இத்தேரிகளில் கிடைத்துள்ளன. 1956-ஆம் ஆண்டில் சாய்னர், ஆல்ச்சின் என்னும் அறிஞர் இருவர் அவற்றை ஆராய்ந்து எழுதினர். குடியிருக்க இடம் தேடுவது புதிய கவலையன்று போலும்!

கொத்தனார் காரை நிறுத்தச் சொல்லி இறங்கினார். ஒரு பிடி செம்மணலை நீர் தெளித்துப் பிசைந்து, உள்ளங்கையில் திரித்துப் பார்த்தார். திரி உருவாகவில்லை, உதிர்ந்தது. "இங்கே வானம் தோண்டினால் பக்கம் நிற்காது; சரிவாக வெட்டவேண்டும். ஆனால், மணல் நகராதபடி அடைத்துவிட்டால் பாரம் தாங்கும். காற்றுக்குத்தான் பயப்படவேண்டும், சுவரோரத்து மணலை வாரிக்கொண்டு போய்விட்டால் அஸ்திவாரம் வெளியே வந்துவிடும்" என்றார். வானம் என்று எங்கள் பக்கத்துக் கட்டடத் தொழிலாளர் சொல்வது அஸ்திவாரப் பள்ளத்தை. தலைக்குமேல் இருப்பதைக் காலுக்கடியில் காண்கிறவர்கள் அவர்கள்.

பெய்யும் மழை முழுவதையும் தேரி விழுங்கிவிடுகிறது. அதன் தாழ்ந்த ஓரங்களில் கோடையிலும் இனிய ஊற்றுகள் கசிவதற்கு அதுவே காரணம். இதை நினைத்தால், தேரியின்மேல் குழி தோண்டிக் கழிவைவிடுகிறவர் தம் ஊர் ஊற்றுக்கண்ணில் விடுகிறார் என்று ஆகிறது. தோட்டம் போட விரும்புவோர்க்கு இம்மணல் ஓட்டைப் பானை. எவ்வளவு ஊற்றினாலும் நில்லாது. உரமும் நீரோடு இறங்கிவிடும். குளத்து வண்டலும் மக்கிய தொழுவுரமும் ஆண்டுதோறும் சேர்த்து வந்தால், முருங்கையும் முந்திரியும் மனம் கோணாமல் காய்க்கும். பனைக்கு அதுவும் வேண்டியதில்லை. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற உடன்குடிக் கருப்பட்டி இந்தச் செம்மணலையும் கடற்கரை மணலையும் நம்பி வாழும் பனைகள் தந்ததுதான்.

குரும்பூரைக் கடந்து ஏரலை நெருங்கும்போது, ஒரு திருப்பத்தில் உலகம் பச்சையாகிவிடுகிறது. வாழைத் தோட்டம், நெல்வயல், வெற்றிலைக் கொடிக்கால். தாமிரபரணி கொண்டுவந்து சேர்த்த வண்டல் மண். இதே ஆற்றுப் பாசனத்தில் விளையும் ஆத்தூர் வெற்றிலையும் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. பிடித்துப் பார்த்தால் கைக்கு மிருதுவாக இருக்கும். திரித்தால் திரியாகி, வளைத்தால் முறியும். தோட்டக்காரர் கனவு காணும் மண் இதுவே. என் மகள் புட்டியை நிரப்பிக்கொண்டே, "அப்பா, நமக்கு இங்கே ஒரு மனை இல்லாமல் போயிற்றே" என்றாள்.

கொத்தனார் ஒன்றும் பேசாமல், சாலையோரத்து வீடொன்றின் சுவரைச் சுட்டிக் காட்டினார். ஆள் உயரத்துக்கும் மேலே ஒரு மங்கிய கோடு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் வெள்ளம் விட்டுச் சென்றது. அந்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பெய்தது. தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஓராண்டு முழுவதும் கிடைக்கும் சராசரி மழையோ ஏறத்தாழ 65 சென்டிமீட்டர்தான். ஏரலும் திருவைகுண்டமும் தீவுகளாயின. திருவைகுண்டத்தில் நின்றுபோன செந்தூர் விரைவு வண்டியின் பயணிகளைப் பற்றி நாடே பேசிற்று. வெள்ளம் வடிந்த பின் நடந்ததைப் பற்றி அவ்வளவாகப் பேச்சில்லை. கழிப்பறைக் குழிகளில் கிடந்ததெல்லாம் நீரோடு கலந்து வீட்டுக்குள்ளும் கிணற்றுக்குள்ளும் புகுந்திருந்தது. சேற்றை வாரிய கைகளோடு பெண்கள் குடிநீர் லாரிக்காகக் காத்து நின்றதை நான் கண்டேன்.

வண்டல் நிலத்தில் நீர்மட்டம் மேலேயே நிற்கும். வாய்க்காலில் நீர் ஓடும் மாதங்களில் நான்கடி தோண்டினாலே ஊற்றெடுக்கும். உறிஞ்சுகுழியின் அடி எப்போதும் நீர்மட்டத்துக்கு ஐந்தாறு அடியாவது மேலே இருக்கவேண்டும் என்பது விதி. அவ்வாறாயின் இங்கே குழியைத் தரைக்குள் வெட்டாமல், தரைக்குமேல் மேடு கட்டி அதில் அமைக்கவேண்டும். செய்பவர் யார்? வயலை மனையாக்கி விற்பவர்கள் சரள்மண்ணைக் கொட்டி மேடாக்கி, எல்லைக்கல் நட்டுவிட்டுப் போகிறார்கள். கொட்டிய மண் கொட்டிய மண்ணே. அரையடி அரையடியாக நீர்விட்டு இடித்து இறுக்காத வரையில் அது பல ஆண்டுகள் அமுங்கிக்கொண்டே இருக்கும். அஸ்திவாரம் அதைத் துளைத்துக்கொண்டு பழைய தரையைத் தொட்டாகவேண்டும். ஒழுங்காக மூடிய டாங்க்கூட, காலியாக இருக்கும்போது நிலத்தடி நீர் உயர்ந்தால், தோணி போல் மிதந்து மேலே எழும்பிவிடும் என்று கொத்தனார் சொன்னபோது மருமகன் நம்பவில்லை. "நான் பார்த்திருக்கிறேன், மாப்பிள்ளை" என்று மட்டும் சொன்னார் அவர்.

தூத்துக்குடியில் பகலுணவு. உப்பளங்களையும் அனல் வெக்கையையும் விரைவாகக் கடந்தோம். கடலோரக் கட்டடங்களில் உப்புப் பூத்து உதிரும் பூச்சையும், துருவேறிக் கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு நிற்கும் கம்பிகளையும் வாசகர்கள் அறிவார்கள். கடல்மணலைக் கழுவாமல் கலவையில் சேர்க்கலாகாது என்பதைத் தவிர இங்கு நான் கூறுவதற்கு வேறில்லை.

எட்டயபுரம் சாலையில் எப்போதும்வென்றானை நெருங்கும்போது நிலம் கறுக்கத் தொடங்கியது. சிறிது தொலைவு சென்றதும் இருபுறமும் ஒரே கருமை. கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம், ஓட்டப்பிடாரம் வட்டாரங்களில் பரந்து கிடக்கும் கரிசல் காடு இது. அறுவடை முடிந்து வெறுமையாகக் கிடந்த புன்செய்களில், கை நுழையும் அகலத்துக்கு வெடிப்புகள். மகள் ஒரு வேலிக்குச்சியை ஒடித்து வெடிப்புக்குள் விட்டாள். மூன்றடிக் குச்சி முழுவதும் உள்ளே போயிற்று.

கரிசலை இகழ்ந்து பேச நான் துணியேன். பெய்த மழையை மாதக்கணக்கில் வயிற்றுக்குள் வைத்திருந்து, மானாவாரிப் பயிருக்குச் சிறிது சிறிதாகக் கொடுக்கும் தாய் அது. ஐப்பசி கார்த்திகையில் பெய்வதை நம்பித் தையிலும் மாசியிலும் பருத்தியும் கம்பும் மல்லியும் உளுந்தும் வீட்டுக்கு வருகின்றன. கோடையில் மேல்மண் வெடிப்புக்குள் உதிர்ந்து, மழையில் உப்பி மேலெழுவதால் தன்னைத்தானே உழுதுகொள்ளும் மண் என்றும் சொல்வதுண்டு. இந்த மண்ணின் பயிர்களை ஆராய்வதற்கென்றே 1901-ஆம் ஆண்டில் கோவில்பட்டியில் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. கருங்கண்ணிப் பருத்திக்கு இந்த மண்ணே தாய்வீடு.

ஆனால், பயிருக்கு வரமாக அமைந்த அதே குணம் சுவருக்குச் சாபமாகிறது. கரிசலில் உள்ள களிமண் ஏடு ஏடாக அமைந்தது, நீர் பட்டால் ஏடுகளுக்கிடையே நீர் புகுந்து மண் உப்புகிறது, காய்ந்தால் சுருங்குகிறது. மழைக்காலத்தில் வீட்டைத் தூக்குகிறது, கோடையில் இறக்குகிறது. அதுவும் ஒரே சீராகத் தூக்கினால் கேடில்லை. வீட்டின் நடுப்பகுதிக்கு அடியிலுள்ள மண் கூரையின் நிழலில் ஈரம் மாறாமல் கிடக்கிறது. ஓரத்து மண் ஆண்டுக்கொருமுறை உப்பிச் சுருங்குகிறது. இந்த இழுபறியில் சுவர் கிழிகிறது.

மருமகனின் ஊரில் நாங்கள் இறங்கியதும், அவருடைய பெரியப்பா எங்களை வரவேற்றுத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் கட்டிய நல்ல வீடு. சன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக மேல்நோக்கி ஓடும் விரிசல்கள். "நாலு தடவை பூசிவிட்டேன். ஐப்பசியில் மூடிக்கொள்கிறது, பங்குனியில் வாயைத் திறக்கிறது" என்றார் அவர். முன்கதவை மழைக்காலத்தில் சாத்த முடியவில்லை என்று இருமுறை இழைத்துவிட்டாராம். இப்போது கோடையில் அதன்வழியே பூனை வருகிறது. வீட்டைக் கட்டித் தந்தவர் வெளியூர்க்காரர். மூன்றரை அடியில் செங்கல் அஸ்திவாரம் போட்டுக் கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டார். கொத்தனார் விரிசலில் விரலை வைத்துப் பார்த்தார். "சுவரில் குற்றமில்லை. இதைப் பூசிப் பயனில்லை, கீழே மண் மூச்சு விடுகிறது" என்றார்.

இதற்கு மருந்தில்லாமலில்லை. பருவத்துக்குப் பருவம் ஈரம் மாறுவது குறிப்பிட்ட ஓர் ஆழம் வரைதான், பொதுவாக 3.5 மீட்டர், அதாவது பதினோரடிக்குச் சற்று மேல். அதற்குக் கீழே மண் அசைவதில்லை. அந்த அசையாத மண்ணில் வேரூன்றினால் வீடும் அசையாது. ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையத்தார் இதற்கென்றே ஒரு முறையை வகுத்தனர். 'அண்டர் ரீம்டு பைல்' என்று பொறியாளர் சொல்வர். கைத்துளைக் கருவியால் ஒல்லியான துளையிட்டு, அடிப்பகுதியை மட்டும் துளையின் அகலத்தைப்போல் இரண்டரை மடங்கு குடைந்து, கம்பி இறக்கிக் கான்கிரீட் வார்ப்பது. பூமிக்குள் கிழங்கு வைத்த செடி போல் அது பற்றிக்கொள்ளும். மண் உப்பி மேலே தள்ளினாலும் கிழங்கு விடாது. தூண்களின் தலைகளை உத்திரத்தால் இணைத்து, உத்திரத்துக்கும் தரைக்கும் இடையே மூன்றங்குலம் வெற்றிடம் விடவேண்டும். மண் மூச்சு விடுவதற்கு. செலவு கூடும் என்பது மெய்தான். சிறிய வீட்டுக்கு வேறொரு வழியுண்டு. அஸ்திவாரத்தின் கீழும் தரைக்குக் கீழும் கரிசலை மூன்றடிக்கு மேல் அகற்றிவிட்டு, உப்பாத சரள்மண்ணை அடுக்கடுக்காக இடித்து நிரப்புவது. எந்த வழியாயினும், கூரைநீர் சுவரடியில் விழலாகாது. வீட்டைச் சுற்றி நான்கைந்தடிக்குச் சாய்தளம் வேண்டும். மரம் எவ்வளவு உயரம் வளருமோ அவ்வளவு தூரம் அது சுவரை விட்டு விலகி நிற்கவேண்டும். ஏனெனில் வேர் ஒரு பக்கத்து ஈரத்தை மட்டும் உறிஞ்சினால் அந்தப் பக்கம் இறங்கும். வரைபடத்திலிருந்த ஐந்து தென்னங்கன்றுகளையும் மருமகன் பேனாவால் அடித்தார்.

உறிஞ்சுகுழியை மட்டும் விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. மாலையில் மனைக்குச் சென்று, ஓரடிச் சதுரத்தில் மூன்றடி ஆழத்துக்கு ஒரு குழி தோண்டினோம். அடியில் இரண்டங்குலம் ஜல்லி பரப்பி, ஒரு குடம் நீர் ஊற்றினோம். குடத்தைக் கீழே வைப்பதற்குள் நீர் மறைந்துவிட்டது. மறு குடம், அதுவும் அப்படியே. மருமகனின் முகம் மலர்ந்தது. "பார்த்தீர்களா, மாமா! உங்கள் கடற்கரை மணல் தோற்றது."

கொத்தனார் சிரித்தார். "இது மண் குடித்த தண்ணீர் இல்லை, மாப்பிள்ளை, வெடிப்புக்குள் ஓடிய தண்ணீர். நிற்கிற வரைக்கும் ஊற்றுங்கள், காலையில் பார்ப்போம்."

ஒன்பது குடம் கொண்டது. பத்தாவது குடம் நின்றது. நீர் ஓரடி உயரம் நிற்கும்படி நிரப்பி, பலகையால் மூடிவிட்டுப் பெரியப்பா வீட்டுக்குத் திரும்பினோம். அன்றிரவு என் மகள் தோட்டத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். கரிசலில் பாத்தியை மேடாக அமைத்து, மக்கிய உரம் சேர்த்து, கோடையில் வைக்கோலோ சருகோ பரப்பி மூடினால் வெடிப்பு குறையும், வேர் அறுபடாது என்று பெரியம்மா அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார். வேம்பும் புங்கும் கேட்காமலே வளருமாம். மனையின் நாலைந்து இடங்களில் அரையடி ஆழத்துக்கு மண் எடுத்துக் கலந்து, அரைக்கிலோ மட்டும் மண் பரிசோதனை நிலையத்துக்குக் கொடுத்தால், களர் உண்டா, எந்தச் சத்துக் குறைவு என்று எழுதித் தருவார்கள். ஜிப்சம் வாங்குவதை அதன்பின் முடிவு செய்துகொள்ளலாம் என்றேன் நான். கரிசல் மண்ணை நிரப்பிய நான்காம் புட்டி சன்னலோரத்தில் மை போல் நின்றது.

விடியற்காலையில் பலகையை நீக்கினோம். குழியின் பக்கங்களில் முந்தின நாள் தெரிந்த வெடிப்புகள் ஒன்றையும் காணோம். ஈரத்தில் உப்பி எல்லாம் மூடிக்கொண்டிருந்தன. நீர் அப்படியே நின்றது. ஜல்லியின்மேல் ஆறங்குலம் நிற்கும்படி நீரை முகந்துவிட்டு, அளவுகோலை நட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி அமர்ந்தோம். அரை மணி நேரத்தில் கால் அங்குலம் இறங்கிற்று. ஓரங்குலம் இறங்க இரண்டு மணி நேரம் என்றாகிறது. அறுபது நிமிடத்துக்கு மேலானால் அந்த மண்ணில் உறிஞ்சுகுழி உதவாது என்று விதி.

கோடையில் வெட்டிய குழி வெடிப்பின் வழியே கழிவை வடிகட்டாமல் ஆழத்துக்கு அனுப்பும். மழையில் அதே குழி உறிஞ்சாமல் பொங்கி வாசலுக்கு வரும். இவ்வூரில் அவ்வாறு பொங்கும் குழிகளை நாங்களே அன்று காலையில் நான்கு தெருக்களில் கண்டோம். நிரம்பிய குழிக்குள் ஆளை இறக்கித் துப்புரவு செய்யும் கொடுமையும் இதிலிருந்தே பிறக்கிறது. அக்குழிக்குள் தேங்கும் நச்சுக்காற்று ஓரிரு மூச்சில் உயிரைக் கொண்டுபோகும். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வேலைக்கு ஆளை அமர்த்துவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது. ஆயினும் செய்தித்தாளில் அந்தச் செய்தி வராத ஆண்டு இல்லை. மண்ணறியாமல் வெட்டிய குழிக்கு, ஊரில் மிக ஏழையானவர் உயிரால் விலை கொடுக்கிறார்.

கொத்தனார் குச்சியால் தரையில் கோடு கிழித்துக் காட்டினார். முதலில் கசியாத இரண்டறைத் தொட்டி. அதை அடுத்து, ஜல்லி நிரப்பிய மூடிய தொட்டி ஒன்று. நீர் அதன் அடியில் புகுந்து ஜல்லியினூடே மேலேறி வழியவேண்டும். அங்கிருந்து, அடியிலும் பக்கங்களிலும் பூசிய, ஆழமில்லாத சரளைப் பாத்திக்கு. அதில் கல்வாழையும் கோரையும் நட்டால், மண் குடிக்க மறுப்பதைச் செடியும் வெயிலும் குடித்துக்கொள்ளும். தெருக்கோடியில் ஒரு கிணறு இருந்தது. பாத்தியின் இடத்தைக் குறிப்பதற்கு முன் கொத்தனார் அந்தக் கிணற்றைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கயிற்றின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு கிணற்றடிக்கு நடந்தேன். அங்கே நீர் இறைத்துக்கொண்டிருந்த மூதாட்டி, "என்ன அளக்கிறீர்கள், ஐயா?" என்று கேட்டார். "உங்கள் கிணற்றுக்கும் எங்கள் வீட்டுக்கும் எவ்வளவு தூரம் என்று பார்க்கிறோம், அம்மா" என்றேன்.

எழுபத்திரண்டு அடி இருந்தது. மருமகன் அந்த இடத்தில் ஒரு முளையை அடித்துவிட்டு, பழைய வரைபடத்தைச் சுருட்டிக் காரின் பின்னிருக்கையில், புட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்தார். கரிசல் புட்டி நாங்கள் ஊர் திரும்பிய மறுநாளும் தெளியவில்லை.